டிரைவர் பக்கத்துக் கதவு

அண்ணன் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக என் பட்டறைக்குள் நுழைந்தபோதே எனக்கு வயிறு எரிந்தது. லாரி அவனுடையது. ஓட்டுகிறவள் அக்கா. ஆனால் டிரைவர் பக்கத்துக் கதவில் இத்தனை வருஷமும் அவன் பெயர்தான் வளைந்து நெளிந்து பளபளக்கிறது. அக்காவின் பெயரை எழுத அவனுக்குக் கை வந்ததே இல்லை. இன்றைக்கு அதன் கீழே அண்ணியின் தம்பி பெயரை எழுதப் போகிறானாம். அந்த ஆளும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றான்.

“கியர் மாத்தும்போதெல்லாம் டொக்கு டொக்குன்னு இடிக்குது. இவ முரட்டுத்தனமா ஓட்டி கியர் பாக்ஸைக் காலி பண்ணிட்டா. பிரிச்சுப் பாரு. உள்ளே பல்சக்கரத்துல பல்லு போயிருந்தா இனிமே வண்டி மச்சான் கையிலதான்,” என்றான் அண்ணன்.

அக்கா சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயரே சரவெடி. அவளே வாய் திறக்கவில்லை என்றால், தன் கைமேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“பிரிக்கறது இருக்கட்டும். முதல்ல ஓட்டிப் பார்க்கலாம். பெயிண்ட் அடிக்கிறதைத் தவிர நீ என்னைக்கு இந்த வண்டியைத் தொட்டிருக்கே?” என்றேன்.

பொய்யில்லை. அண்ணனுக்குப் பெயிண்ட் என்றால் உயிர். வீட்டு ஜன்னல் கம்பி, தண்ணீர்க் குழாய், நாற்காலிக் கால் எல்லாம் நீலம். சுவர்க் கடிகாரத்துக்கு அடிக்கப்போய் முள் ஒட்டிக்கொண்டு மணி நின்றே போனது. போன மழைக்கு முன்னால் லாரிக்கு அடியிலும் புகுந்து, டயரை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் நீலமாக்கி வைத்தான்.

“நானும் வரேன். ரெண்டு பேரும் சேர்ந்து என் காதுல பூ சுத்தக் கூடாது,” என்று அவனும் ஏறிக்கொண்டான்.

கிடங்குகளுக்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத ரோடு. அக்கா கியர் போட்டு, கிளட்சிலிருந்து பூப்போலக் காலை எடுத்தாள். டொக்! சீட்டே அதிர்ந்தது. அடுத்த கியர். டொக்!

“கேட்டியா, கேட்டியா?” என்றான் அண்ணன், பரிசு விழுந்தவன் மாதிரி.

“அக்கா, இனிமே கியரைத் தொடாதே. அப்படியே போ. ஆக்சிலேட்டரை விடு... இப்போ அழுத்து!”

டொக்!

“மறுபடியும்!”

டொக்!

எனக்குச் சிலிர்த்துவிட்டது. “கை எங்கே இருக்கு?”

“ஸ்டீயரிங்ல.”

“கால்?”

“கிளட்ச் பக்கமே போகலையேடா!” அக்காவின் குரலில் இப்போதுதான் உயிர் வந்தது.

“அப்போ இடிச்சது யாரு, அண்ணா?”

அண்ணன் விடவில்லை. “உள்ளே பல்லு தேஞ்சிருந்தாலும் இடிக்கும்,” என்றான். அதிலும் நியாயம் இருந்தது, எரிச்சலே அதுதான். கியர் பாக்ஸிலிருந்து பின் சக்கரம் வரைக்கும் நீளமான ஷாஃப்ட் ஒன்று சுழலும். அந்த வழியில் எங்கோ ஆட்டம் விழுந்திருக்கிறது. அது ஷாஃப்ட்டிலா, பாக்ஸுக்குள்ளா என்பதுதான் கேள்வி.

பட்டறைக்குத் திரும்பினோம். அக்கா வண்டியைக் கியரிலேயே நிறுத்தினாள். அண்ணன் தன் பங்குக்கு ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டு அடியில் நுழைந்து ஷாஃப்ட்டை உலுக்கினான்.

“பாறை மாதிரி நிக்குது. பாக்ஸேதான்!”

நானும் உலுக்கினேன். அசையவில்லை. வெளியே வந்தேன். அண்ணியின் தம்பி கையை நீட்டினான். அக்கா யார் முகத்தையும் பார்க்காமல் சாவியை அவன் கையில் வைத்துவிட்டாள்.

அப்போதுதான் உறைத்தது. அட மடையா! கியரிலும் பிரேக்கிலும் மாட்டி இரண்டு முனையும் முறுக்கிக்கொண்டு நின்றால் ஆட்டம் எப்படித் தெரியும்?

“நியூட்ரல் பண்ணு! சக்கரத்துக்குக் கட்டை வை! ஹேண்ட் பிரேக்கை எடு!” என்று கத்தினேன். அக்கா பாய்ந்து ஏறினாள்.

மறுபடி அடியில் புகுந்து ஷாஃப்ட்டைப் பிடித்துத் திருப்பினேன். கடகடவென்று ஆடியது! பின் சக்கரத்தோடு சேருகிற இணைப்பில் ஷாஃப்ட் மட்டும் திரும்புகிறது, அடுத்த பக்கம் அசையவே இல்லை. நடுவில் இரண்டையும் கோத்துப் பிடிக்கும் கிராஸ் என்கிற சிலுவைத் துண்டிலிருந்து துருத்தூள் சிவப்பாகக் கொட்டி என் வாயில் விழுந்தது. துப்பிக்கொண்டே சிரித்தேன்.

“க்ரீஸ் இல்லாம செத்துப் போயிருக்கு!”

“உளறாதே. க்ரீஸ் நான்தான் அடிக்கிறேன். வழியற அளவுக்கு அடிக்கிறேன்!” என்றான் அண்ணன்.

“வழிஞ்சது சரி. உள்ளே போச்சா?”

கிராஸுக்குள் க்ரீஸ் போகிற நிப்பிளை நகத்தால் சுரண்டினேன். நீலத் தோல் ஒன்று உரிந்து வந்தது. வெளியே வந்து அதை அண்ணனின் உள்ளங்கையில் வைத்தேன். துவாரத்தையே பெயிண்ட் அடைத்திருந்தது. அவன் அடித்த க்ரீஸெல்லாம் வெளியே வழிய, வழிந்ததைத் துடைத்துவிட்டுத் திருப்தியாகப் போயிருக்கிறான் மகாராஜன்.

“அழகா இருக்கட்டும்னுதான்...” என்று அசடு வழிந்தான்.

“கடிகாரத்தை நிறுத்தினே. அடுத்தது லாரியா?” என்றாள் அக்கா. சரவெடி பற்றிக்கொண்டது.

புது கிராஸ் மாட்டி, க்ரீஸ் உள்ளே போய் மறுபக்கம் எட்டிப் பார்க்கும்வரை அடித்தேன். அக்கா அண்ணியின் தம்பியிடம் கையை நீட்டினாள். அவன் சாவியைக் கொடுத்தான். அண்ணனையும் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து அதே ரோட்டில் போனாள். ஒவ்வொரு கியராக ஏற்றினாள், ஒவ்வொன்றாக இறக்கினாள். ஆக்சிலேட்டரை விட்டு விட்டு அழுத்தினாள். எஞ்சின் சத்தத்தைத் தவிர ஒன்றுமே இல்லை. சந்தோஷத்தில் நான் டாஷ்போர்டில் தாளம் போட்டேன். அண்ணன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தான்.

இறங்கியதும் அவன் தானாகவே டப்பாவைத் திறந்தான். கதவில் தன் பெயருக்குக் கீழே பிரஷ்ஷைக் கொண்டுபோனான்.

“கீழே வேணாம் அண்ணா. மேலே எழுது,” என்றாள் அக்கா.

அண்ணன் அவளைப் பார்த்தான். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினான். ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயருக்கு மேலே அவள் பெயரை எழுதினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

காய்வதற்குள் அக்கா கடைசி எழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரல் நீலமாகிவிட்டது. துடைக்காமல் ஏறி உட்கார்ந்து, அந்தக் கையாலேயே கியர் போட்டாள்.