நீமெலாக்களின் சொந்தக் கூரை

மிச்சிகனின் வடக்கே, ஃபின்லாந்துக்காரர்கள் காடு வெட்டிக் குடியேறிய அந்த ஊரில் நினைவுக்கல் நடப் போகிறார்கள். முதல் பனிக்காலத்தைச் சொந்தக் கூரையின் கீழ் கழித்த குடும்பங்களின் பெயர்தான் அதில் வரும். தன் முன்னோர் நீமெலாக்களின் பெயர் வந்தே தீரவேண்டும் என்று ஐலி ஒற்றைக் காலில் நின்றாள். வீட்டு அஸ்திவாரத்தைத் தேடிக் கோடை முழுக்க நீமெலா நிலத்து மேட்டைக் கொத்தினாள். முதுகுவலிதான் மிச்சம்.

பெயர்களை முடிவு செய்யும் கூட்டத்தில் காபியும் ஏலக்காய் ரொட்டியும் வந்தன. கூடவே கிழவர் வெர்னர் ஸால்மியின் வாயும் வந்தது.

"ஏம்மா ஐலி, ஊர்ல பொறந்த முதல் குழந்தை உங்க பீனாதான், ஒத்துக்கறேன். ஆனா அந்த முதல் பனியில உங்களுக்கு வீடு ஏது? எங்க வீட்ல ஒண்டிக்கிட்டுதான பெத்தாங்க! எங்காளுங்க வந்ததும் வீடு கட்டினவங்க, துரை மாதிரி. ஆவிக்குளியல் போடற சவுனாவே அடுத்த வருஷம்தான் கட்டினாங்க."

ஐலி ரொட்டியைக் கீழே வைத்தாள். "அடுத்த வருஷமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எங்கப்பா சொன்னது. மாத்தமே கிடையாது."

"உங்கம்மா உங்களை எங்க வெச்சுப் பெத்தாங்க?"

"இதென்ன கேள்வி? எல்லாரையும் போல சவுனாலதான். வெந்நீரும் சூடும் வேற எங்க இருக்கு?"

சொல்லி முடித்ததும் கிழவருக்கே உறைத்துவிட்டது. மூலையிலிருந்த பெண்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

"அப்போ சவுனாவே இல்லாத உங்க வீட்டுக்கு வந்து, எந்த ஃபின்லாந்துப் பொம்பள பிள்ளை பெத்திருப்பா?"

கேட்ட வேகத்தில் ஐலிக்குத் தன் மீதே கோபம் வந்தது. பனிக்கு முன்னால் கோடரியோடு வந்தவன் வீடா கட்டியிருப்பான்? தண்ணீருக்குப் பக்கத்தில் சவுனாவைப் போட்டு அதிலேயே குடியிருந்திருப்பான். அவள் மேட்டைக் கொத்தியது சுத்த மடத்தனம்.

மறுநாள் நீமெலா நிலத்து ஏரிக்கரையில் ஊரே கூடியது. பாசியை விலக்கியதும் அடுப்புக்கற்கள் தெரிந்தன. சூட்டில் வெடித்துக் கறுத்த கற்கள், அடுக்கு கலையாமல். சுற்றிலும் சின்னஞ்சிறிய ஓர் அறையின் மூலைக்கற்கள்.

வெர்னர் தொப்பியைக் கழற்றினார். "கல்லுல ரெண்டு குடும்பத்துப் பேரையும் வெட்டச் சொல்றேன்."

"எங்க பேரு மேல வரட்டும்."

"திமிரைப் பாரு!" என்றார் அவர், ஆனால் மறுக்கவில்லை.

ஐலி அந்தக் கற்களின் மேல் கையை வைத்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. பீனாவின் அம்மா எவர் வாசலிலும் இடம் கேட்டு நிற்கவில்லை.