எல்ஸி உட்கார்ந்த கட்டில்

சுங்கை சிப்புட் ஊருக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்துத் துரை குடியிருந்த பங்களாவில் அந்த முதியோர் இல்லம் நடந்துவந்தது. ரப்பர் பால்மரங்களை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. செம்பனை சுவர்வரை நெருங்கி நின்றதால் பகலிலேயே உள்ளே விளக்குப் போட்டாக வேண்டும்.

எல்ஸி அங்கே தலைமைத் தாதி. ஈப்போவில் பெரிய மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாருக்காவது காலம் நெருங்கிவிட்டது என்று மனதில் பட்டால், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அவர் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள். கையைப் பிடித்துக்கொள்வாள், பேசமாட்டாள். அவள் உட்கார்ந்த கட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஆனால் பிள்ளைகள் வந்து முகம் பார்க்க நேரம் கிடைத்தது. வலிக்கு முன்கூட்டியே மருந்து கொடுக்க முடிந்தது. ஒரு தாதிக்கு இதைவிட என்ன வேண்டும் என்றுதான் எல்ஸி நினைத்திருந்தாள்.

மற்றவர்கள் வேறு மாதிரி நினைக்கத் தொடங்கியிருந்தது அவளுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. ராக்காயி என்று ஒரு கிழவி. முழங்கால் வலியைத் தவிர வேறு நோய் கிடையாது, குரல் வாசல்வரை கேட்கும். எல்ஸி பக்கத்தில் வந்தால் போதும், முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள். துளசி வந்து பார்க்கட்டும், மிஸி தள்ளியே நிற்கட்டும் என்பாள். தாதியை அங்கே மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள்; துளசி அங்கே வேலை செய்யும் உதவியாளர். கிழவியின் விருப்பம் அதுவானால் அப்படியே இருக்கட்டும் என்று எல்ஸியும் விட்டுவிட்டாள்.

ஒரு நாள் காலை பத்துமலையைப் பார்த்தபோது அவளுக்கு அந்த எண்ணம் தோன்றியது. பத்துமலை மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். வாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. வாய் மட்டும் ஓயவில்லை. தினமும் காப்பியைத் திட்டாமல் குடிக்கமாட்டார். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். எல்ஸி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

இரத்த அழுத்தம், சர்க்கரை, நாடி, காய்ச்சல், எல்லாம் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. மறுபடி பார்த்தாள். அப்போதும் சரியாகவே இருந்தன.

இல்லத்துக்கு வந்துபோகும் டாக்டர் ஜெயபாலனைக் கூப்பிட்டாள். அவர் கேலி செய்யவில்லை. கண்ணால் கண்டது என்ன, அதைச் சொல்லுங்கள் என்று கேட்டார். காப்பியைத் திட்டவில்லை என்றாள் எல்ஸி. சொன்ன பிறகு அது அவளுக்கே அற்பமாகக் கேட்டது. உங்களுக்குத் தோன்றினால் மருத்துவமனைக்கு அனுப்பிவிடலாம், மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்றார் அவர்.

கருவி சொல்வது ஒரு வகை அறிவு, ஆளோடு பழகித் தெரிந்துகொள்வது இன்னொரு வகை என்று தாதிமைப் பரீட்சையில் எழுதித் தேறியவள்தான் எல்ஸி. இரண்டும் எதிரெதிராக நின்றால் எதை நம்புவது என்று அந்தப் பரீட்சையில் யாரும் கேட்கவில்லை.

பத்துமலையின் மகள் கலாதேவி கமுந்திங் என்ற ஊரில் தொழிற்சாலையில் வேலை செய்பவள். எல்லாம் சரியாக இருக்கும்போது ஆஸ்பத்திரி எதற்கு என்று போனில் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மிஸி, கோவிச்சுக்காதீங்க லா. நீங்க உக்காந்தா அந்த ஆளு போயிடும்னு அங்க எல்லாரும் பேசிக்கிறாங்க. எங்கப்பா கட்டில்ல உக்காராதீங்க. அது போதும்."

எல்ஸி போனை வைத்தபோது வெளியே மழை கட்டி இருட்டிக்கொண்டு வந்தது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அவள் எந்தப் பக்கம் போகிறாள் என்றே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாள் அவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறாள், விரல் நகத்தைப் பார்த்திருக்கிறாள், மூச்சைக் கேட்டிருக்கிறாள். உங்களுக்கு என்ன செய்கிறது என்று ஒருவரிடமாவது வாய்விட்டுக் கேட்டதுண்டா என்று யோசித்தாள். தான் கேட்டதாக ஒருவர் பெயரும் நினைவுக்கு வரவில்லை.

பத்துமலையின் கட்டிலருகே போய் நின்றாள். உட்காரவில்லை.

"ஐயா, உங்களுக்கு என்ன செய்யுது? நீங்களே சொல்லுங்க."

அவர் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். "நீதான் போன வாரமே சொல்லிட்டியே மிஸி."

"நான் எப்பங்க சொன்னேன்?"

"வந்து உக்காந்தியே."

அவளுக்கு நினைவு வந்தது. பக்கத்துக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள், கால் கடுத்தது, அவர் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் நடந்தது. அன்றிலிருந்து, இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கிவைத்துக் குளியலறையில் துப்பிக்கொண்டு வந்ததாகப் பத்துமலையே சொன்னார். போகிற ஆளுக்கு மருந்து எதற்கு என்றார், வருத்தமில்லாமல்.

எல்ஸிக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் பார்த்த அடையாளத்தை அவளே உண்டாக்கியிருந்தாள். இதற்கு முன்னால் போனவர்களில் எத்தனை பேர் இப்படி?

"கால் வலிச்சுதுன்னு உக்காந்தேன் ஐயா. அன்னைக்கு எனக்கு ஒன்னுமே தோணல."

பத்துமலை அதை மனதுக்குள் புரட்டிப் பார்ப்பது தெரிந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப இன்னைக்கு?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இன்னைக்குப் பயமாத்தான் இருக்கு. நீங்க போயிருவீங்கன்னு அதுக்கு அர்த்தமில்ல. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போனா பாக்க முடியும்னு அர்த்தம். வாரீங்களா?"

"மத்தவங்ககிட்ட இப்படிக் கேட்டியா நீ?"

எல்ஸி இல்லையென்று தலையசைத்தாள். அவர் நல்ல கையைக் கட்டிலில் ஊன்றி எழப் பார்த்தார். "வாரேன்" என்றார்.

மாத்திரை சங்கதியைக் கேட்டதும் டாக்டர் உடனே கிளம்பச் சொன்னார். புத்தி தெளிவாக இருப்பவர், அவர் சம்மதமே போதும் என்றார். ஆம்புலன்ஸில் எல்ஸியும் கூடப் போனாள். ஈப்போவில் சோதித்தபோது இதயத்துக்குப் போகும் குழாயில் இரத்தம் கட்டத் தொடங்கியிருந்தது தெரிந்தது. நல்லவேளை, கொண்டுவந்தீர்கள் என்றார்கள். வேலையை விட்டு ஓடிவந்த கலாதேவி எல்ஸியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் இல்லத்திலிருந்து துளசி போனில் கூப்பிட்டாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ராக்காயி அப்படியே தலை சாய்ந்து இறந்துபோனாளாம். தூங்குகிறாள் என்று நினைத்துவிட்டார்களாம். துளசி இன்னும் ஏதோ சொல்லத் தயங்கினாள். எல்ஸி வற்புறுத்திக் கேட்டாள்.

"ஒருத்தர விட்டுட்டு இன்னொருத்தரத் தூக்கிட்டீங்கன்னு பேசிக்கிறாங்க அக்கா."

மருத்துவமனை நடைபாதையில் எல்ஸி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்று காலை ராக்காயியின் முகம் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்தே பல வாரம் ஆகியிருந்தது. முந்தானைக்குள் உதடு வெளுத்திருந்ததா, வியர்த்திருந்ததா, அல்லது பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாமல்தான் இருந்ததா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. ஊர்ப் பேச்சைவிட அதுதான் அவளை அறுத்தது.

மறுநாள் காலை அவள் கூடத்துக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஒவ்வொருவராகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்கள். எல்ஸி முதல் கட்டிலுக்குப் போனாள். அதில் ராமையா என்ற பெரியவர் கண்ணை இறுக மூடிக்கிடந்தார்.

"ராமையா ஐயா, உங்க மொகத்தப் பாக்கணும். பாத்தது எதுவா இருந்தாலும் உங்ககிட்ட சொல்லிடுவேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

போர்வைக்குள் மூச்சு வேகமாக ஏறி இறங்கியது. அவள் காத்திருந்தாள். கடைசியில் அவர் கண்ணைத் திறக்காமலே அவள் பக்கம் திரும்பினார்.

"உதடு காஞ்சிருக்கு. ராத்திரி தூங்கலன்னு நெனைக்கிறேன். வேற ஒன்னும் தெரியல. தண்ணி கொண்டாரவா?"

அவர் லேசாகத் தலையாட்டினார். தண்ணீர் எடுக்க அவள் திரும்பியபோது மற்ற கட்டில்களில் ஒருவரும் அசையவில்லை. அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு, அடுத்து யாரிடம் வருவாள் என்று காது கொடுத்துக் கிடந்தார்கள்.