நெப்டியூனுக்குப் போன மாப்பிள்ளை

இரண்டு வருஷம் கழித்துக் கொழும்பிலிருந்து வந்த முஹ்யித்தீன், தூத்துக்குடியில் கப்பலிறங்கி, காயல்பட்டினத்து வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் இடித்துக்கொண்டது சூரியன் மேல்தான். கல்யாணத்துக்குச் சோறாக்கும் செம்பு அண்டா, முற்றத்தின் நடுவில் கவிழ்ந்து கிடந்தது. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, இதை யார் இங்கே போட்டது என்று கேட்டார். மகள் ராஹிலா தூணுக்குப் பின்னால் நின்றபடி, அது சூரியன், நகர்த்தக் கூடாது என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். பெற்ற மகள் வேற்றாளைக் கண்டதுபோல ஓடியது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

அவர் வந்ததே அந்தச் சூரியனை ஏறக்கட்டத்தான். அவர் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் செய்கு அப்துல் காதிர், கொழும்புக்குப் போகிற ஆளிடமெல்லாம் சொல்லி அனுப்பியிருந்தார். உன் பெண்டாட்டி சம்சுன்னிசா, பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற தெருப் பிள்ளைகளையெல்லாம் வீட்டில் கூட்டிவைத்துப் பூமி, கிரகம் என்று பாடம் நடத்துகிறாள், குமரிப் பிள்ளைகள் கயிறும் கையுமாகச் சந்துசந்தாக ஓடுகின்றன, ஊர் சிரிக்கிறது. வந்ததும் நிறுத்திவிடுகிறேன் என்று முஹ்யித்தீன் வாக்குக் கொடுத்துவிட்டார். கொழும்பில் இருந்துகொண்டு வாக்குக் கொடுப்பதற்கு என்ன கஷ்டம்? வீடோ பெண்டாட்டியின் வீடு. காயல்பட்டினத்தில் மாப்பிள்ளை என்பவர் தலை நரைத்தாலும் மாப்பிள்ளைதான்.

சாப்பாடு முடிந்ததும் மெல்லப் பேச்சை எடுத்தார். சம்சுன்னிசா சின்ன வயதில் தகப்பனோடு கொழும்பில் இருந்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அழவுமில்லை, சண்டைக்கு வரவுமில்லை. பாதியில் விட்டால் பிள்ளைகள் ஏங்கிப்போகும், எடுத்த பாடத்தை மட்டும் முடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அவரும் பெரிய மனசு பண்ணிச் சரி என்றார்.

"பாடம் முடிஞ்சதும் நானே நிறுத்திருதேன். அதுவரைக்கும் நீங்க வாக்கு மாறக் கூடாது" என்றாள்.

மறுநாள் காலையில், அப்படி என்னதான் நடக்கிறது என்று பார்க்கப் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்து ஆரம்பிக்கிறது பெண்கள் மட்டும் நடக்கும் முடுக்கு. வீடுகளின் முதுகை ஒட்டியே போகும் ஒடுக்கமான சந்து. ஆண்கள் யாரும் அதில் கால் வைப்பதில்லை. அண்டாதான் சூரியன் என்றால் மற்றவை எவ்வளவு பெரிசு, எவ்வளவு தூரம் என்று சம்சுன்னிசா கணக்குப் போட்டிருந்தாள். பிள்ளைகள் துணி காயப்போடும் கயிற்றால் அளந்து, அளந்த இடத்தில் ஆளுக்கொரு கிரகத்தோடு நின்றார்கள். புதன் ஒரு கடுகு. வெள்ளி ஒரு மிளகு. பூமி, சம்சுன்னிசாவின் காதிலிருந்து கழற்றிய முத்து. முத்துக்குளிப்பு நடந்த வருஷம் அவரே பேரம் பேசி வாங்கிக் கொடுத்தது. செவ்வாய் ஒரு கம்பு. வெகுதூரம் தள்ளி, எலுமிச்சம்பழத்தை ஏந்திக்கொண்டு வியாழனாக நின்றவளை உற்றுப் பார்த்தார். அது ரஹ்மத்துன்னிஸா, காக்காவின் சொந்த மகள். அதற்கும் அப்பால், முடுக்கு முடிகிற இடத்தில், கண்ணாடி வளையலுக்குள் இன்னொரு எலுமிச்சை, அது சனி.

முஹ்யித்தீன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். எத்தனையோ தடவை கடல் தாண்டியிருக்கிறார், வெள்ளி முளைத்ததா என்று பார்த்துப் பாய் விரித்த தோணிகளில் படுத்துக் கிடந்திருக்கிறார். வானத்தில் இத்தனை வெறும் இடம் இருக்கிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அதைச் சந்துக்குள் கொண்டுவந்து காட்டியவளிடமா உப்புக் கூடிப்போச்சு, புளி குறைஞ்சுபோச்சு என்று இத்தனை காலம் பேசிக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாக இருந்தது.

சனியோடு முடுக்கு முடிந்தது. அதற்கப்புறம் ஆண்கள் நடமாடும் தெரு, பிறகு கடற்கரை. யுரேனஸ் என்று ஒரு கொட்டைப்பாக்கை மீன் விற்கும் கிரேசி வாங்கிப்போய்க் கரையில் நட்ட கம்பில் கட்டியிருந்தாள். நெப்டியூனும் ஒரு கொட்டைப்பாக்குதான், ஆனால் கயிற்றுக் கணக்குப் பார்த்தால் அதன் இடம் கடலுக்குள் விழுந்தது.

ராஹிலா அன்றைக்குத்தான் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். "வாப்பா, எங்களால அங்கன போவ முடியாது. நீங்க போயி, அங்கன இருந்து பாத்தா சூரியன் எப்படித் தெரியுதுன்னு வந்து சொல்லுவீங்களா?"

நிறுத்த வந்த மனுஷன் தலையை ஆட்டிவிட்டார்.

அடுத்த நாள் விடிந்ததும் கிரேசியின் புருஷன் பர்னபாஸின் வள்ளத்தில் ஏறினார். வலையுமில்லை, சரக்குமில்லை, ஒற்றைக் கொட்டைப்பாக்குக்கா வள்ளம் என்று பர்னபாஸ் வழியெல்லாம் சிரித்தான். ஆனால் தூரத்தில் ஏமாற்றவில்லை. பள்ளிவாசல் மினாராவையும் பனைகளையும் பார்த்து, சொன்ன இடத்தில் பாயை இறக்கினான்.

முஹ்யித்தீன் திரும்பிப் பார்த்தார். ஊர் ஒரு பச்சைக் கோடாகக் கிடந்தது. எது தன் தெரு, எது தன் வீடு என்று தெரியவில்லை. தேடித் தேடிக் கண் பூத்துப்போகிற நேரத்தில், தென்னைகளுக்கு மேலே ஒரு பொறி மின்னியது. புளி போட்டுத் தேய்த்த அண்டாவைப் பிள்ளைகள் மொட்டைமாடிக்குத் தூக்கிவந்து, காலை வெயிலுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்திருக்கிறார்கள். அவருடைய கல்யாணச் சோறு வெந்த அண்டா. இவ்வளவு கிட்டத்திலேயே வீடு இத்தனை சின்னதாகிவிடுகிறது என்றால், கொழும்பில் இருந்த காலமெல்லாம் தான் எங்கே இருந்தோம் என்று நினைத்தார்.

"என்ன மொதலாளி தெரியுது?" என்றான் பர்னபாஸ்.

"என் வீடு" என்றார்.

அவர் திரும்பி வந்ததும் பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு நட்சத்திரம் அளவுக்குத்தான் தெரிந்தது, கண்ணை எடுத்தால் தொலைந்துபோகும் என்பதால் எடுக்கவே இல்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னார். சம்சுன்னிசா முத்தைத் திரும்பக் காதில் மாட்டிக்கொண்டிருந்தாள். ராஹிலா வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நெப்டியூன் ஒரு சுத்து சுத்தி வர நூத்தி அறுவது வருசத்துக்கு மேல ஆவும். எங்க வாப்பா ரெண்டு வருசத்துல வந்துருதாங்க" என்று மற்றப் பிள்ளைகளிடம் சொன்னாள். அவள் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். அவருக்குத்தான் தாங்கவில்லை.

சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து காக்கா வந்தார். வாசலில் செருமியதும் பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். கடலுக்குப் போன சேதி அதற்குள் அவர் காதுக்கு எட்டியிருந்தது. கொடுத்த வாக்கு என்னாச்சு என்று கேட்டார்.

வாழ்நாளில் அண்ணனை எதிர்த்து ஒரு பேச்சுப் பேசாதவர் முஹ்யித்தீன். "பாடம் முடிஞ்சதும் நிறுத்துததுன்னு பேச்சு காக்கா. இன்னும் முடியலயே. புளூட்டோ இருக்கு."

"அது எங்கன இருக்கு?"

"நெப்டியூனுக்கும் அங்கிட்டு. இப்ப கச்சான் காத்து பலமா அடிக்கப் போவுது, வள்ளம் அவ்வளவு தூரம் போவாது. நான் அடுத்த தடவ வந்துதான் போவணும். அதுவரைக்கும் பிள்ளைக படிச்சதையே திருப்பிப் படிக்கட்டும்."

காக்கா தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளேயிருந்து, வியாழனுக்கு எத்தனை நிலா என்று யாரோ கேட்க, ரஹ்மத்துன்னிஸாவின் குரல் கணீரென்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கடைசிவரைக்கும் கேட்டுவிட்டுத்தான் காக்கா எழுந்தார். அண்டா பழையபடி முற்றத்தின் நடுவில் இருந்தது. வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதன் மேல் படாமல் சுற்றிக்கொண்டு வெளியே போனார்.