தானாகத் திரும்பி வந்தவன்

யோகேஷ் அமெரிக்காவிலிருந்து ஆந்திராவில் இருக்கும் புத்தூருக்குத் திரும்பியதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. அதுதான் எல்லாருக்கும் பிரச்சினையாகிவிட்டது. வேலை போகவில்லை, விசா தீரவில்லை. டல்லாஸில் நிலத்தடி நீர் பற்றி மேல்படிப்பு படித்தான், அங்கேயே சில வருஷம் வேலை பார்த்தான், ஒரு நாள் ஊரோடு இருக்கலாம் என்று தோன்றியது, வந்துவிட்டான். திருப்பதி ரோட்டில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் பாடம் நடத்தும் வேலையும் கிடைத்தது.

அவனுடைய அப்பா ஆதிநாராயணன் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயரானவர். முதலில் "லீவுல வந்துக்கிறான்" என்று சொல்லிச் சமாளித்தார். பிறகு "வீட்லேந்தே வேல பாக்குறான்" என்றார். மகன் தினமும் காலேஜ் பஸ் ஏறுவதை ஊரே பார்த்த பிறகு, வழக்கமான டீக்கடையை விட்டுவிட்டு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடைக்குப் போக ஆரம்பித்தார்.

எதிரில் வருகிறவர்கள் தமிழிலோ தெலுங்கிலோ ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "மள்ளி எப்புடு வெள்தாவு?" மறுபடி எப்போது போகிறாய்? போகப்போவதில்லை என்று யோகேஷ் சொன்னால், பாவம் என்பதுபோலத் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார்கள். காலேஜிலும் அதே கதை. வகுப்பில் அவன் ஏரிகளைப் பற்றிப் பேசுவான். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டு, எந்த யூனிவர்சிட்டியில் சுலபமாக இடம் கிடைக்கும் என்று கேட்பார்கள்.

கல்யாணத்துக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தபோதுதான் நிலைமை மோசமானது. தரகர் சிட்டிபாபு கொண்டுவந்த இடமெல்லாம் விசாரித்துவிட்டு விலகிப் போயின. அங்கே ஏதோ கேஸ் என்றார்கள் சிலர். வெள்ளைக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்றார்கள் சிலர். கடைசியில் நகரியில் மாந்தோப்பு வைத்திருந்த வீராசாமி மட்டும் நேராகப் பேசினார். அவருடைய பெண் கீர்த்தி திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"பையன் நல்ல பையனாத்தான் தெர்றான். தானாத்தான் வந்தேன்னு காணிப்பாக்கத்துல பிரமாணம் பண்ணட்டும். நான் பொண்ணு குடுக்கிறேன்."

காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் பொய் சொன்னவன் நல்லா இருக்க மாட்டான் என்பது சித்தூர் ஜில்லாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். திருட்டு, நிலத் தகராறு எல்லாம் அங்கே போய்த்தான் தீரும். யோகேஷ் குளத்தில் முழுகி ஈர வேட்டியோடு வந்து நின்றான். அர்ச்சகர் தகராறு என்ன என்று கேட்டார்.

"அமெரிக்காவுலேந்து யாரும் என்னைத் தொரத்தல. நானாத்தான் வந்தேன். அதச் சொல்லணும்."

அர்ச்சகர் ஒரு முறை அவனைப் பார்த்தார், ஒரு முறை வீராசாமியைப் பார்த்தார். பிறகு கற்பூரத்தைக் காட்டினார். யோகேஷ் சொன்னதைச் சாமி முன்னால் மறுபடி சொன்னான்.

வெளியே ஓட்டலில் எல்லாரும் உட்கார்ந்து இட்லி துன்னார்கள். வீராசாமி கை கழுவிவிட்டு வந்துதான் வாயைத் திறந்தார்.

"சாமி முன்னாடி சொல்லிட்டான். நான் நம்புறேன். அதான் எனக்கு பயமா கீது."

"நம்பினா அப்புறம் இன்னா பயம்?" என்றார் சிட்டிபாபு.

"வேல போயி வந்திருந்தா வேற வேல தேடிப்பான். விசா தீந்து வந்திருந்தா மறுபடியும் வாங்கிப்பான். ஒண்ணுமே இல்லாம அத்தினி நல்ல வேலைய வுட்டுட்டு வந்தவன், நாளைக்கு என் பொண்ண வுட்டுட்டு போவ மாட்டான்னு இன்னா நிச்சயம்?"

ஆதிநாராயணன் பஸ்ஸில் புத்தூர் வரும் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கினு வந்தார். இறங்கும்போது மட்டும், "ஒரு சின்ன பொய் சொல்லியிருந்தா இன்னாடா?" என்றார்.

"காணிப்பாக்கத்துலயா நைனா?"

"அங்க வேணாம். மொதல்லயே சொல்லியிருக்கலாம்."

அந்த வாரமே கீர்த்தி யோகேஷுக்கு போன் செய்தாள். நம்பரைச் சிட்டிபாபுவிடம் வாங்கியிருந்தாள். ஆஸ்பத்திரி கேன்டீனில் சந்தித்தார்கள். அவள் யூனிபார்மிலேயே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நைனா சொன்னத மனசுல வெச்சிக்காதீங்க. நீங்க சொன்னத நான் நம்புறேன்."

யோகேஷ் ஊருக்கு வந்து ஒன்றரை வருஷமாகிறது. சந்தேகமோ பயமோ பரிதாபமோ இல்லாமல் இதை ஒருவர் சொல்லி அவன் கேட்பது இதுதான் முதல் தடவை.

"எனக்கு அயர்லாந்துல வேல கெடச்சிக்கிது. நைனா தனியா அனுப்ப மாட்டேன்றாரு. வர்ற மாப்பிள்ளைங்க எல்லாம் அவங்க போற ஊருக்கு என்னைக் கூப்புடுறாங்க. எங்கயும் போறதா இல்லாத ஒரே ஆளு நீங்கதான்."

"அதுக்கு?"

"என்கூட வர்றீங்களா?"

யோகேஷ் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. டீ ஆறும் வரை அவன் அதைத் தொடவே இல்லை. ஊரில் இருப்பதற்காக வந்தவன் அவன். ஆனால் அந்த ஊரில் அவனை நம்பிய ஒரே ஆள் கிளம்பிக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றான்.

மற்றதைச் சிட்டிபாபு பார்த்துக்கொண்டார். "பையன் அயர்லாந்து போறான்" என்று மட்டும் வீராசாமியிடம் சொன்னார். யார் வேலைக்கு யார் கூடப் போகிறார்கள் என்று வீராசாமி கேட்கவில்லை. அயர்லாந்து எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்கவில்லை. நாராயணவனம் கோயிலில் கல்யாணம் நடந்தது. காலேஜ் வாசலில் யோகேஷ் படம் போட்டு ஒரு பிளெக்ஸ் வைத்தார்கள்: 'எங்கள் ஆசிரியர், இன்று அயர்லாந்தில்'. அவன் அங்கே வேலை செய்த நாளில் அந்தக் காலேஜில் ஒருவரும் அவனைப் படம் எடுத்ததில்லை. ஆதிநாராயணன் பழைய டீக்கடைக்குத் திரும்பிவிட்டார்.

அயர்லாந்தின் கார்க் நகரத்தில் கீர்த்தி ஆஸ்பத்திரிக்குப் போனாள். யோகேஷ் சில மாதம் வீட்டில் சமைத்துக்கினு இருந்தான். பிறகு குடிநீர் பரிசோதிக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். மழை நாளில் கீர்த்திக்குப் பஸ் ஸ்டாப் வரை குடை பிடித்துக்கினு போவான். இரண்டாவது வருஷம் கீர்த்தி கருவுற்றாள். தலைப் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருகிறேன் என்று நகரிக்கு போன் போட்டாள்.

"இங்க எதுக்குமா?" என்றார் வீராசாமி. "அங்கயே பெத்துக்கோ. கொழந்தைக்கு அந்த ஊரு பாஸ்போர்ட் கெடைக்கும்."

"அதெல்லாம் இங்க அப்பிடி தானா குடுக்க மாட்டாங்க நைனா."

"குடுக்கலன்னா போவுது. பிரசவத்துக்குன்னு வந்து நீ இங்கயே இருந்துட்டா ஊர்ல இன்னா பேசுவாங்க? மாப்பிள்ள வேற உன்கூட வருவாரு. அவரு ஏற்கெனவே ஒரு தடவ..."

கீர்த்தி போனை வைத்துவிட்டுச் சோபாவில் சாய்ந்து படுத்தாள். அவள் கண் கலங்கியிருந்ததை யோகேஷ் பார்த்தான். அவள் காலடியில் உட்கார்ந்தான். வா, போய்விடலாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. போனால் எந்த வீட்டுக்குப் போவது என்பதுதான் தெரியவில்லை.

குழந்தை அங்கேயே பிறந்தது, பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று யோகேஷ் அடுப்படியில் போனை நிற்க வைத்து அம்மா மனோரமாவைக் கூப்பிட்டான். புத்தூரிலிருந்து அவள் பத்தியக் குழம்பு சொல்லச் சொல்ல, அவன் மிளகை வறுத்தான்.

"கருக்கிடாத. பூண்டு உரிச்சிட்டியா?"

"உரிச்சிட்டேம்மா."

"நெறயா போடு. அங்க பூண்டு கெடைக்குதில்ல?"

"கெடைக்குது."