எழுபத்தொன்று புள்ளி நாலு

சனிக்கிழமை காலை புத்தூர் மாடி ஹாலில் இருந்தவர்கள்: எடைகுறைப்பு மையம் நடத்தும் கோச் ஸ்டீபன்ராஜ், நோட்டில் எடை எழுதும் லூர்துராணி, பாலக்கரை நஜ்முன்னிசா, அவள் மருமகள் இர்பானா, பிறகு, பொய் சொல்லத் தெரியாது என்று எல்லோரும் நம்பிய எடை மெஷின்.

இர்பானா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். எழுபத்தொன்று புள்ளி நாலு. முதல் மாதம் ஐந்து கிலோ இறங்கியதோடு சரி. மூன்று வாரமாக இதே எண்.

அன்று இருபத்திரண்டாவது நோன்பு. கோச்சின் அட்டவணைப்படி நோன்பு திறக்க ஒரு டம்ளர் ஷேக், ராத்திரி இரண்டு சப்பாத்தி. பள்ளிவாசல் கஞ்சி கூடாது. விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு வெறும் தண்ணீர். கூட்டிப் பார்த்தால் அறுநூறு கலோரி தேறாது. பெருநாளுக்கு துபாயிலிருந்து புருஷன் அப்ரார் வருகிறான். அறுபத்தஞ்சுக்கு வந்தால் கூட்டிப் போகிறேன் என்று போனில் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவள் சிரிப்பைக் கழித்துவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டாள்.

"அட்டவணை தப்பாது. எங்கேயோ கை நீளுது," என்றான் ஸ்டீபன்ராஜ்.

"கோச், நான் நோன்பு."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். நோன்பு இருந்தா குறைஞ்சிருக்கணுமே?"

நஜ்முன்னிசாவின் முகம் மாறியது. மருமகள் குண்டாக இருப்பதை அவள் பொறுத்துக்கொள்வாள். இது வேறு.

லூர்துராணி நோட்டிலிருந்து தலை தூக்கவில்லை. மாமியார் ஆட்டோ பிடிக்க முன்னால் போனதும் படிக்கட்டில் இறங்கி வந்து இர்பானாவின் கையைப் பிடித்தாள். ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சாப்பாட்டு அளவு எழுதியவள் அவள்.

"முடி கொட்டுதா? மாசாமாசம் வருதா?"

"கொட்டுதுக்கா. இந்த மாசம் வரல. வந்தா நோன்பு வைக்கக் கூடாதுல்ல, வராததால ஒரு நோன்பும் விடல."

"பஞ்சம் வந்துடுச்சுன்னு உடம்பு அடுப்பைச் சிம்ல வெச்சிடுச்சு. தசை கரையும், தண்ணி கோத்துக்கும், மெஷின் அசையாது. சஹருக்கு முட்டை, பருப்பு, சோறுன்னு ஒழுங்கா சாப்பிடு. உனக்கு நாளைக்கு ஆயிரத்து ஐநூறு கலோரியாவது வேணும். வாரத்துக்கு அரைக் கிலோ குறைஞ்சா போதும். முதல்ல ஒரு டாக்டரைப் பாரு."

"இதை மேலேயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லலாம். திங்கக்கிழமை நீ எனக்கு வேலை குடுப்பியா?"

ஆட்டோ மேம்பாலம் ஏறியதும் நஜ்முன்னிசா அவள் பக்கம் திரும்பினாள்.

"எத்தனை நோன்பை முழுங்குன?"

"ஒண்ணுகூட இல்ல மாமி. வல்லாஹி."

"சத்தியத்தையும் சேர்த்துத் தின்னாத."

வீடு வரும்போது இர்பானாவுக்கு அறுபத்தஞ்சு மறந்து போயிருந்தது. துபாயும்தான். இருபத்தோரு நோன்பையும் யாராவது ஒருத்தர் நம்பினால் போதும் என்றிருந்தது.

அந்தி சாய்ந்து நோன்பு திறந்து, மக்ரிப் தொழுதுவிட்டு சமையலறைக்குப் போய் இரண்டு முட்டையை வேகப்போட்டாள். தண்ணீர் கொதிக்கும் முன்பே வாசலில் மாமி.

"ஷேக்கைக் குடிச்சு அரை மணி நேரம் ஆகல. அதுக்குள்ள முட்டையா?"

"நோன்பு திறந்தாச்சே மாமி. இப்படிப் பட்டினி கிடந்தா எடை இறங்காதாம். லூர்துராணி அக்காதான்..."

"பட்டினி கிடந்தா இறங்காது, தின்னா இறங்கும்! யார்கிட்ட கதை விடுற? திறந்தப்புறமே இந்தப் பசின்னா, பகல்ல என்ன செஞ்சிருப்ப?"

இர்பானாவுக்குச் சாட்சி சொல்ல இருந்தது ஒரு மெஷின். அது காலையிலேயே சொல்லிவிட்டது.

நஜ்முன்னிசா அடுப்பை அணைத்தாள். "வெளிய வா. சஹருக்கு தண்ணி நானே கொண்டாந்து தரேன்."

இர்பானா வெளியே வந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள் மாமி.