கீழ்த்தட்டு அறை

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். அய்யாவு ஆகிய நான், என் மனைவி பாலாமணி, மகன் சுரேந்திரன், மருமகள் சரிதா, என் தங்கை சின்னம்மை, மஞ்சூர் கடைவீதியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் சில்வஸ்டர். ஏழாவதாக ஒருவர் இருந்ததாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பச்சை இலைக்கு விலை விழுந்து அது மூன்றாவது வருஷம். பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று பலர் விட்டுவிட்டதால், தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றன. அந்தக் காலத்தில்தான் எங்கள் வீட்டுப் பெண் கப்பல் பயணத்துக்குத் திட்டம் போட்டாள். தென் அமெரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றி வர.

சின்னம்மை முப்பத்தொரு வருஷம் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்ற டீச்சர். கல்யாணம் வேண்டாம் என்று எங்களோடேயே இருந்துவிட்டாள். பணம் அவள் சம்பாத்தியம். அதை யாரும் கேட்க முடியாது. ஆனால் எங்கள் குடும்பத்தில் யார் தூரதேசம் போனாலும், எல்லோரும் உட்கார்ந்து பேசி, மூத்தவர் சரி என்று சொன்ன பிறகுதான் கிளம்புவது. இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் இருந்தபோதும் அப்படித்தான். அவள் அந்த முறையை மீறவில்லை.

அவள் திட்டத்தையும் சொல்ல வேண்டும். எட்டு மாதம் ஒரு நோட்டில் எழுதியிருந்தாள். பெரிய கப்பல் முனையைத் தூரத்திலிருந்து காட்டிவிட்டுத் திரும்பிவிடுமாம். எழுபது பேர் போகிற சின்னக் கப்பல்தான் குறுகலான கால்வாய்களுக்குள் நுழையும், ரப்பர் படகில் கரைக்குக் கொண்டுபோய் விடும். அங்கே ஜனவரிதான் கோடை. கோடை என்றாலும் நம் ஊர் டிசம்பர் குளிர். மேற்குக் காற்று பலமாக இருந்தால் முனையில் இறங்க முடியாது. அதற்காக எந்தக் கப்பல் ஒரு நாள் கூடுதலாக நிற்கும் என்று ஏழு கப்பல்களை ஒப்பிட்டுப் பார்த்திருந்தாள். எந்தத் தோட்டத்து மானேஜரும் இத்தனை ஒழுங்காகத் திட்டம் போட்டு நான் பார்த்ததில்லை.

கப்பல்காரர்களின் விண்ணப்பப் பாரத்தில், அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டிய உறவினர் என்ற இடத்தில் என் கையெழுத்து வேண்டும். மறுநாளுக்குள் போகாவிட்டால் இடம் வேறொருவருக்கு. அடுத்த கோடைவரை அவள் முழங்கால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நான் பேனாவைத் திறந்தேன். சில்வஸ்டர் பாரத்தைத் தமிழில் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தான். "அறை, கீழ்த்தட்டு, நடுப்பகுதி."

பேனாவை மூடினேன்.

"கீழ்த்தட்டா? இலங்கைய விட்டுத் தலைமன்னார்ல கப்பல் ஏறினப்ப நம்மள எங்க போட்டாங்கன்னு மறந்துட்டியா? மூட்டையோட மூட்டையா கீழ கிடந்து வந்தோம். என் கூடப் பொறந்தவ இன்னொரு தரம் அப்படிப் போக மாட்டா. மேல எடு, கையெழுத்துப் போடறேன்."

"கீழதான் அண்ணே ஆட்டம் கம்மி. மேல எடுத்தா நான் படுக்கையிலேயே கிடக்கணும், முனைய எங்க பாக்கறது?"

"ஊர்ல என்ன பேசுவாங்க?"

"ஏனுங்க," என்றாள் பாலாமணி, "எந்தத் தட்டுல போறாங்கன்னு ஊருக்கு எப்படிங்க தெரியும்? நீங்களே போய்ச் சொன்னாத்தான் உண்டு."

சரிதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் பார்த்ததும் எழுந்து டீ போடப் போய்விட்டாள்.

சின்னம்மை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அண்ணே, லிந்துலத் தோட்டத்துல தேயிலைக்கு நெழல் தர்ற மரம் கிளை கழிச்சீங்களே, ஆடிக் காத்துல. மரத்துல எங்க நின்னு கழிப்பீங்க?"

"நுனிக்கு எவன் போவான்? ஆளத் தூக்கி வீசிடும். கீழ்க்கவட்டையில கால ஊனி, இடுப்புக் கயித்த அடிமரத்தோட கட்டிக்கிட்டு, நீளக் கத்தியால இழுக்கணும். நுனி அந்த ஆட்டம் ஆடும், அடிமரம் அசையாது. எங்க செட்டுல கடைசி வரைக்கும் விழாதவன் நான் ஒருத்தன்தான்."

"கீழ நின்னீங்கன்னு யாராச்சும் உங்களக் கேவலமாப் பேசினாங்களா?"

சுரேந்திரன் என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தான்.

"பெரியவரே, டீச்சர் ரிட்டயர் ஆனாலும் பரீட்சை வைக்கறத விடலீங்க," என்றான் சில்வஸ்டர்.

அன்று தலைமன்னாரில் எங்களுக்கு இடம் காட்டியவர் வேறொருவர். இங்கே ஏழு கப்பல்களைப் பார்த்து இடம் தேர்ந்தெடுத்தவள் என் தங்கை. இரண்டும் ஒன்றல்ல.

"ஜன்னல் இருக்கா?"

"வட்டமா ஒண்ணு இருக்குண்ணே. தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல."

"பாரத்தைக் கொண்டா."

முழுப்பெயர், அப்பா பெயர் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சில்வஸ்டர் அன்றைக்கே அனுப்பிவிட்டான்.

மேல்தட்டுக்குப் பணம் போதாமல்தான் டீச்சர் கீழ்த்தட்டில் போகிறார் என்று மஞ்சூர் பஸ் ஸ்டாண்டில் இப்போது ஒரு பேச்சு நடக்கிறது. அது தவறு. மேல்தட்டில் இரண்டு அறைகள் காலியாக இருந்தன. அவளால் எடுத்திருக்க முடியும். அவள் எடுக்கவில்லை.