எந்த நைனா?

பழவேற்காட்டு ஏரியில் நினைத்தவனெல்லாம் நல்ல இடத்தில் இறால் வலை போட்டுவிட முடியாது. ஊரின் பழைய குடும்பங்களுக்கு மட்டும் முறை வைத்து இடம் வரும். அதற்குப் பாடு என்று பேர். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை முடிந்துபோன பிரசாந்துக்கு அந்தப் பாட்டில் பங்கு கிடைத்தால்தான் அடுப்பு எரியும். அந்தக் காலத்தில் பாடு வைத்திருந்த சடையனுடைய பிள்ளைதான் தன் கொள்ளுத்தாத்தா சவரிமுத்து என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறான். வீட்டுப் பேச்செல்லாம் செல்லாது, அத்தாட்சி கொண்டுவா என்றுவிட்டார் ஊர்த்தலைவர் சம்பந்தம்.

மாதாகோயில் ஞானஸ்நானப் புத்தகத்துக்காக நடையாய் நடந்தான். சாமியார் இருந்தால் சாவி இல்லை, சாவி இருந்தால் சாமியார் இல்லை. ஒருவழியாகப் புத்தகத்தில் சவரிமுத்து அகப்பட்டார். தாய் பவுனம்மாள். தகப்பன் நைனா.

இந்தப் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆண்கள் ஏரிக்குப் போயிருப்பார்கள். பிள்ளையைத் தூக்கிவந்த பெண்கள் புருஷன் பேரை வாய்விட்டுச் சொல்வார்களா? 'புள்ளையோட நைனா' என்றிருப்பார்கள். வெள்ளைக்காரச் சாமியாரும் அதையே பேராக்கி எழுதிவிட்டார். பக்கம் முழுக்க நைனாதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பது சரியாகப் போயிற்று என்று பிரசாந்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊர்க்கூட்டத்தில் இதை விளக்கினான். கோயிலில் கேட்டால்கூடவா ஒருத்தி புருஷன் பேர் சொல்லமாட்டாள், கதை விடாதே என்று எகிறினார்கள். அவன் அப்பா உயிரோடு இல்லாததால், வம்சத்தைச் சபையில் சொல்லும் முறை அவன் அம்மா லூர்தம்மாளுக்கு வந்தது. முதலில் உன் புருஷன் பேரிலிருந்து ஆரம்பி என்றார் சம்பந்தம்.

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சொல்லும்மா என்று பிரசாந்த் பல்லைக் கடித்தான்.

"இவன் நைனாதாங்க," என்றாள்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிரசாந்த் எழுந்து நின்றான்.

"பாத்தீங்கல்ல? இதத்தான இவ்ளோ நேரமா சொல்லிக்கினு இருக்கேன்."

சம்பந்தம் மட்டும் சிரிக்கவில்லை.

"பவுனம்மா புருஷன் பேர சொல்லியிருக்கமாட்டாங்கனு ஒத்துக்கறேன்பா. ஆனா அது எந்த நைனா?"

பிரசாந்த் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் பாடு இடங்களுக்குச் சீட்டுப் போட்டார்கள். அவன் பேர் அதில் இல்லை. அம்மாவிடம் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. உண்மையில் கோபம் அவள்மேல் இல்லை, பேரைச் சொல்லாமலே செத்துப்போன பவுனம்மாள்மேல்தான். அவளிடம் போய் எப்படிச் சண்டை போடுவது?